ஊர் தெரியாத ஆமை

ஆப்பிரிக்க நன்னீர் ஆமைகளை முட்டையிட வைப்பது பெரிய வித்தை இல்லை. பெலுசியோஸ், பெலோமெடூசா என்ற இரண்டு பேரினங்களும் நல்ல தண்ணீரும் ஒரு மண்மேடும் கிடைத்தால் தாமாகவே இட்டுவிடும். எந்த ஆணை எந்தப் பெண்ணோடு விடக் கூடாது, எந்த முட்டையை அடைக்கு வைக்கக் கூடாது என்ற முடிவுகளில்தான், இனங்களைக் காக்க அவற்றை வளர்த்துப் பெருக்கும் இந்த வேலை சிக்கலாகிறது. புதிதாகச் சேர்பவர்கள் முதலில் கேட்பது முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் இன்குபேட்டரைப் பற்றி. அவர்களிடம் முதலில் கொடுக்க வேண்டியது பதிவேடு.

2014 வரை பெலோமெடூசாவில் ஒரே இனம்தான் என்று எல்லாரும் எழுதிவந்தார்கள். சஹாராவுக்குத் தெற்கே தொடங்கித் தென்னாப்பிரிக்கா வரை, மடகாஸ்கரிலும் அரேபியாவின் தென்மேற்கு மூலையிலும் இருப்பதெல்லாம் 'சப்ரூஃபா' என்ற ஒரே பெயரில் அடங்கியது. அந்த ஆண்டு வெளிவந்த ஆய்வு அதைப் பத்து இனங்களாகப் பிரித்தது. வகைப்பாட்டு அறிஞர்களுக்கு அது ஒரு கட்டுரை. வளர்ப்பவர்களுக்கோ தொட்டி தொட்டியாகப் பிரச்சினை. 'சப்ரூஃபா, ஆப்பிரிக்கா' என்ற சீட்டோடு வணிகர் வழியாக வந்த ஒரு சோடியில் பெண் கானாவிலிருந்தும் ஆண் தான்சானியாவிலிருந்தும் வந்திருக்கலாம். இரண்டும் கூடி முட்டையிட்டுக் குஞ்சும் பொரிக்கலாம். அந்தக் குஞ்சு எந்த இனக் கணக்கிலும் சேராது. அதை எந்த ஆற்றிலும் விட முடியாது.

மரபணுச் சோதனை இருக்கிறதே என்று சொல்லலாம். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை மட்டும் பார்த்தால் தாய்வழிதான் தெரியும். தாய் ஓர் இனம், தகப்பன் வேறு இனம் என்றால் அந்தக் கலப்பு அதில் அகப்படாது. செல்லின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செலவுதான். கலப்புக் குஞ்சுகளை இருபது வருடம் தீனி போட்டுக் காப்பாற்றும் செலவோடு ஒப்பிட்டால் சிறிய தொகை.

சீட்டு தப்பாக இருந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'பெலுசியோஸ் சீஷெல்லென்சிஸ்' போதும். சீஷெல்ஸ் தீவுகளில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட மூன்றே மூன்று மாதிரிகளை வைத்து 1906இல் அது தனி இனமாக விவரிக்கப்பட்டது. பிறகு அங்கே எவ்வளவு தேடியும் காணவில்லை. அழிந்துபோன இனம் என்று எழுதிவிட்டார்கள். 2013இல் அந்த அருங்காட்சியக மாதிரியின் டிஎன்ஏவைப் பார்த்தபோது அது மேற்கு ஆப்பிரிக்காவின் 'பெலுசியோஸ் கஸ்டேனியஸ்' என்று தெரிந்தது. அப்படி ஓர் இனம் இருந்ததே இல்லை. ஒரு நூற்றாண்டுக் குழப்பத்துக்கு மூன்று உடல்களின் ஊர்க்குறிப்பு போதுமானதாக இருந்திருக்கிறது.

அதனால் புதிய ஆமை வந்தால் எடை போடுவதற்கு முன்பே ஏடு திறக்க வேண்டும். யாரிடமிருந்து, எந்தக் காகிதத்தோடு, எந்த நாட்டிலிருந்து, எந்த ஆற்றுப்படுகையிலிருந்து? தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும். ஊகத்தை எழுதினால் ஐந்து வருடம் கழித்து அதுவே ஆதாரமாகிவிடும். வளர்ந்த ஆமைக்குப் பின்தொடையின் தோலடியில் மைக்ரோசிப். குஞ்சுக்கு ஓட்டின் விளிம்புத் தகடுகளில் சிறு வெட்டு. வயிற்று ஓட்டின் படம் இரண்டுக்கும் உண்டு. ஆனால் குஞ்சின் வயிற்று நிறம் வளர வளர மாறும் என்பதால் படத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது.

வந்த ஆமையைக் குறைந்தது 90 நாள் தனித்தொட்டியில், தனி வலை, தனி வாளியோடு வைக்க வேண்டும். மலச்சோதனை இரண்டு மூன்று முறை செய்வது நல்லது, ஒரு முறை சுத்தம் என்று வந்தால் அது சுத்தம் ஆகிவிடாது. காட்டிலிருந்து பிடித்தவற்றில் அட்டைகள் ஒட்டியிருக்கும். பின்காலும் வாலும் சேரும் மடிப்பில் விரலால் தடவினால்தான் அகப்படும். பெலுசியோஸைத் தூக்கும்போது விரலில் கவனம் வேண்டும். அதன் வயிற்று ஓட்டின் முன்பாகம் கீல் வைத்த கதவு மாதிரி மூடிக்கொள்ளும். கழுத்தைப் பக்கவாட்டில் மடித்துக் கதவைச் சாத்திவிட்டால் வாய்வழி மருந்து கொடுப்பது அன்றைக்கு நடக்காது. பெலோமெடூசாவுக்கு அந்தக் கதவு கிடையாது, அதற்குப் பதில் கடிக்கும்.

பெலுசியோஸ் நீந்துவதைவிடத் தொட்டியின் அடியில் நடப்பதுதான் அதிகம். ஒரு பெண்ணுக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 30 முதல் 40 செ.மீ. தண்ணீர். மூச்சுக்கு மேலே ஏறி வர மரக்கட்டையும் வேரும் கட்டாயம். தண்ணீர் 26 முதல் 28 டிகிரி, வெயில் காயும் மேடை 32க்கு மேல். கண்ணாடி ஹீட்டருக்குக் கூண்டு போடாவிட்டால் என்றைக்காவது ஒருநாள் உடைக்கும். யுவிபி விளக்கு வெளிச்சம் தருவதை வைத்து வேலை செய்கிறது என்று நினைப்பது பொதுவான தவறு: வெளிச்சம் குறையாமலே புற ஊதாக் கதிர் குறைந்துபோகும். மீட்டர் இல்லாவிட்டால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

ஆண்களும் பெண்களும் எப்போதும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஆண் விடாமல் துரத்தும். பெண்ணின் கழுத்தில் கடிகாயம், பிறகு சீழ்க்கட்டி. ஆமையின் சீழ் பாலாடைக்கட்டி போலக் கெட்டி, தானாக வடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பெண்ணின் தொட்டிக்குள் ஆணைச் சில மணி நேரம் மட்டும், ஆள் பார்த்துக்கொண்டிருக்க, விட்டு எடுப்பதே முறை. விட்ட தேதியை எழுதாமல் போவதுதான் பெரிய குற்றம். ஆமைகளில் பெண்ணின் உடலுக்குள் விந்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு தங்கும். இந்த வருடம் விட்ட ஆண்தான் இந்த முட்டைக்குத் தகப்பன் என்று சொல்ல முடியாது. ஏட்டில் 'தகப்பன்' என்ற இடத்தில் ஒரு பெயர் வராமல், 'இவற்றில் ஒன்று' என்று இரண்டு மூன்று எண்கள் வருவதே நேர்மை.

வெறும் கூடலால் முட்டை வராது, பருவமும் வேண்டும். பெலோமெடூசா இருக்கும் குட்டைகள் கோடையில் வற்றும். அது சேற்றுக்குள் புதைந்து கிடந்து, மழை வந்ததும் எழுந்து கூடும். வருடம் முழுவதும் ஒரே சூட்டில், ஒரே ஆழத்தில் வைத்தால் அந்தக் கணக்கு அதற்குப் பிடிபடாது. எட்டு வாரம் நீர்மட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, தீனியைக் குறைத்து, பிறகு இரண்டு நாளில் குளிர்ந்த தண்ணீரைத் தூவி மட்டத்தை ஏற்றுவது பலன் தரும். மெலிந்த பெண்ணுக்கு இதைச் செய்யக் கூடாது.

முட்டையிட மண் வேண்டும். மணலும் தோட்டமண்ணும் சரிபாதி, 25 செ.மீ. ஆழம், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரம். காய்ந்த மணலில் குழி சரியும். பெண் தோண்டித் தோண்டி விட்டுவிட்டுத் தண்ணீரில் உதிர்க்கும் அல்லது அடக்கிக்கொள்ளும். தீனி தொடாமல், பின்காலால் காற்றில் தோண்டிக்கொண்டே இருந்தால் மறுநாளே எக்ஸ்ரே. முட்டை உடைந்திருக்கிறதா, இடுப்பெலும்பு வழியே வரும் அளவா என்று பார்த்த பிறகே கால்சியம், முட்டையை வெளியே தள்ள வைக்கும் ஆக்சிடோசின் ஊசி. படம் பார்க்காமல் ஊசி போட்டால், வழியடைத்த முட்டையோடு கருக்குழாய் கிழியும்.

இவற்றின் முட்டை கோழிமுட்டைபோல் இருக்காது; ஓடு மெல்லிய தோல் மாதிரி, அழுத்தினால் குழியும். எடுக்கும்போது மேல்பக்கத்தில் மென்மையான பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பேனா மை ஓட்டுக்குள் இறங்கும். முட்டை வெளியே வந்ததும் கரு வளர ஆரம்பித்து மேல்புற ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாளுக்குப் பிறகு புரண்டால் கரு மஞ்சள்கருவின் அடியில் போய் நசுங்கிச் சாகும். பெட்டியில் ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட் 200 கிராம், தண்ணீர் 200 மில்லி. முட்டை பாதி புதைந்திருக்க வேண்டும். பெட்டியின் மொத்த எடையை மூடியில் எழுதிவைத்து, வாரம் ஒருமுறை எடை போட்டு, குறைந்த அளவுக்கு ஓரத்தில் தண்ணீர் விட வேண்டும். முட்டை ஈரத்தை உறிஞ்சிப் பருப்பதால் இந்தக் கணக்கு கெடாது, அது பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. கெட்ட முட்டை ஒன்றை எடுத்தால் மட்டும் அதன் எடையை மூடியில் எழுதிய எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு 'எடை குறைந்திருக்கிறதே' என்று தண்ணீர் ஊற்றி, மீதி முட்டைகளை மூச்சுமுட்ட வைத்த பெட்டிகள் நிறைய.

வெப்பம் குஞ்சின் பாலைத் தீர்மானிக்கிறது. பெலுசியோஸும் பெலோமெடூசாவும் சேர்ந்த குடும்பத்தில் நடுத்தர வெப்பத்தில் ஆண். அதற்கு மேலே போனாலும் பெண், கீழே போனாலும் பெண். அடைகாக்கும் காலத்தின் நடு மூன்றில் ஒரு பங்குதான் இதைத் தீர்மானிப்பது. அரை டிகிரி தவறிய வெப்பமானி ஒரு தலைமுறையையே ஒரு பக்கம் சாய்த்துவிடும். இன்குபேட்டரின் திரையில் தெரியும் எண்ணை நம்பாமல், சரிபார்த்த வெப்பமானியின் முனையை முட்டைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. இதே ஆப்பிரிக்காவின் மென்னோட்டு ஆமைகளுக்கு இந்தக் கவலை குறைவு. அந்தக் குடும்பத்தில் பாலை நிறப்புரியே (குரோமோசோம்) தீர்மானிக்கிறது, முட்டையும் உருண்டையாகக் கெட்டி ஓட்டோடு இருக்கும். ஒன்றில் கற்ற பாடத்தை மற்றொன்றில் அப்படியே போட முடியாது.

28 முதல் 30 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு ஓட்டைக் கிழிக்கும். கிழித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் உள்ளேயே இருக்கும். வயிற்றில் மஞ்சள்கருப் பை உள்ளிழுக்கப்படும் வரை இழுத்து எடுக்கக் கூடாது. பிறகு தன் ஓட்டின் அகலத்துக்கு மேற்படாத ஆழத் தண்ணீர், ஒளிய இலைச்சருகு, தினம் புழு. உறைந்த மீனை மட்டுமே கொடுத்தால் தையமின் (வைட்டமின் பி1) குறையும். கண் வீங்கினால் வைட்டமின் ஏ பற்றாக்குறையைச் சந்தேகிக்க வேண்டும்.

எளிதில் பெருகும் இனங்கள் எல்லா இடத்திலும் நிரம்பி வழிகின்றன. உண்மையில் உதவி தேவைப்படும் நைல் பகுதியின் நூபிய மென்னோட்டு ஆமை போன்றவை வளர்ப்பிடங்களில் அரிது. ஆப்பிரிக்க மென்னோட்டு ஆமைகளின் வணிகம் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2016 மாநாட்டில்தான் இரண்டாம் பட்டியல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. எனவே தொட்டி என்பது அளவான ஓர் இடம். அதில் எது இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு வருடமும் போடப்படும் கணக்கு. அடுத்த வருடம் இந்தச் சோடியின் வம்சத்தில் எத்தனை குஞ்சு தேவை, அவை எங்கே போகும் என்று எழுதிவிட்டுத்தான் பெட்டி எடுக்க வேண்டும். தேவைக்கு மேற்பட்ட முட்டைகளை இட்ட அன்றே உறைபெட்டியில் வைக்க வேண்டும். கரு வளர்ந்த பிறகு மனம் வராது, வரவும் கூடாது.

அடைக்கு வைத்த பெட்டியின் மூடியில் தாயின் எண், சாத்தியமான தகப்பன்களின் எண்கள், இட்ட தேதி, முட்டை எண்ணிக்கை, எடை, வெப்பமானியின் எண். 'ஊர்' என்ற வரி காலியாக இருந்தால் அந்தப் பெட்டி இன்குபேட்டருக்குள் போகாது.