நம் ஆறு, எங்கள் ஆறு: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

13 ஜூலை 2025, ஞாயிறு

மத்தியானம் தைப்பிங்கிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குக் கிளம்பினேன். இரண்டும் மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊர்கள். அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளில் என் புத்தகத்தைப் படித்துக்காட்டப் போகிறேன். காரின் பின்னால் மூன்று பெட்டி புத்தகம், ஒரு பாய், துணியில் தைத்த பெரிய நத்தை. வழியில் கோலாகங்சாரில் நிறுத்தி, அந்தப் பழைய ரப்பர் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். 1877இல் அங்கே நட்ட கன்றுகளில் இன்னும் உயிரோடு நிற்கும் மரம். என் கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்தது அதன் வழிவந்த மரங்களுக்காகத்தான். அந்தப் பக்கம் போனால் இறங்கிப் பார்க்காமல் வர எனக்கு மனம் வராது.

மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. நத்தை ஆறு. இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஓர் ஊர் இருக்கும்போது குழந்தைக் கதை எழுதாமல் எப்படி இருப்பது? என் புதுப் புத்தகம் அந்தப் பெயரிலிருந்து பிறந்ததுதான். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய். ஒரு நத்தை ஆற்றோரமாக ஊர்ந்துகொண்டே, "இது யாருடைய ஆறு?" என்று எல்லாரையும் கேட்கும். மீன்கள் "எங்கள் ஆறு" என்று சொல்லும். நீர்நாய்களும் அதையேதான் சொல்லும். அதற்கு மேல் இங்கே எழுதவில்லை, நாளை பிள்ளைகளே சொல்லட்டும்.

14 ஜூலை, திங்கள்

காலை ஏழு மணிக்கே தோட்டத்துச் சாலையில். இரண்டு பக்கமும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை, சாலையோரம் குலைகள் குவிந்து கிடந்தன. பள்ளி சின்னது. 150 பிள்ளைகளுக்குக் கீழே இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்பது அரசாங்கக் கணக்கு. இங்கே அதில் பாதிகூட இல்லை. அந்தக் காலத்துத் தொழிலாளர் சட்டப்படி, படிக்கும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் ஒரு பள்ளி வைத்தாக வேண்டும். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலும் கோயில் திண்ணையிலும் அப்படித்தான் நம் பள்ளிகள் பல தொடங்கின. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகிவிட்டன. இந்தப் பள்ளி காலியாகவில்லை. பிள்ளைகள் பட்டணத்து வீடமைப்புகளிலிருந்து வேனில் வருகிறார்கள்.

சபைகூடல் முடிந்ததும் ஆண்டு 1 முதல் 3 வரை எல்லாரையும் வள மையத்தில் உட்கார வைத்தோம். தமிழ்ப் பக்கத்தை நான் படிக்க, மலாய்ப் பக்கத்தை ஆண்டு 6 மாணவன் ஒருவன் படித்தான். கடைசிப் பக்கத்தில் நத்தை, "இது நம் ஆறு" என்கிறது. மலாயில் "சுங்கை கித்தா".

ஆண்டு 3 பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், மீன் சொன்னப்போ காமி, நத்தை சொன்னப்போ கித்தா. ஏன் மாத்தினீங்க?"

உடனே பதில் சொல்லாமல் கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதினேன். நாங்கள், காமி. நாம், கித்தா. கேட்கிறவரை விட்டுவிட்டுப் பேசினால் நாங்கள். அவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். மலாயிலும் அப்படியேதான். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான். பத்து வருடமாக இரண்டு மொழியிலும் எழுதுகிறேன். இந்தப் பொருத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எங்கேயோ பிறந்த இரண்டு மொழி, ஒரே இடத்தில் ஒரே கதவை வைத்திருக்கின்றன.

அவள் விடவில்லை. "அப்போ நத்தை என்னையும் சேர்த்துத்தான் சொல்லுதா?"

ஆமாம் என்றேன். அவள் நோட்டைத் திறந்து தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டாள்: சுங்கை கித்தா.

15 ஜூலை, செவ்வாய்

வேறொரு பள்ளி. கூரைத் தகரத்தில் மழை, கதை யாருக்கும் கேட்கவில்லை. அதனால் சொல் விளையாட்டுக்குப் போய்விட்டோம். மலாய்ச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கெடாய், கடை. காப்பால், கப்பல். காத்தில், கட்டில். பெத்தி, பெட்டி. தீராய், திரை. கத்திய கத்தலில் மழைச் சத்தமே அமுங்கிவிட்டது.

ஒரு பையன் மட்டும், "அப்ப நாம அவங்ககிட்ட எதுவுமே வாங்கலையா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ரம்புத்தான் என்று ஒன்று சொன்னேன். நான் இன்னும் நிறைய யோசித்து வைத்திருக்க வேண்டும்.

17 ஜூலை, வியாழன்

நேற்று ஓய்வு, தொண்டை கட்டிவிட்டது. இன்று ஆசிரியர்களோடு மட்டும் ஒரு மணி நேரம்.

மொழிபெயர்ப்பில் எது கஷ்டம் என்று கேட்டார்கள். டியா என்ற சின்னச் சொல்தான் என்றேன். அவனும் டியா, அவளும் டியா, அவரும் டியா. மலாயில் ஒரு குழந்தையை ஆணா பெண்ணா என்று சொல்லாமலே கதை முழுக்கக் கொண்டுபோகலாம். தமிழில் பெரும்பாலும் வினைமுற்று வந்ததுமே தெரிந்துவிடும், ஓடினான் அல்லது ஓடினாள். என் கதையில் நத்தை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 'அது' என்று சொல்லி நிம்மதியாக எழுதலாம்.

ஓர் ஆசிரியர், "மலாய்ப் பக்கம் இருந்தால் பிள்ளைகள் தமிழ்ப் பக்கத்தைப் பார்ப்பார்களா?" என்று வருத்தத்தோடு கேட்டார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. என் முதல் புத்தகத்தை அச்சடித்த இடத்தில், தமிழ்ப் பக்கம் முழுக்கக் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறி வந்தது. மலாய்ப் பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. 500 பிரதி. "படிக்க முடியுதுல்ல?" என்றார்கள். அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு எழுத்தில், ஒரே அழகோடு இருந்தால் பிள்ளை இரண்டையும் பார்க்கும். ஒன்று நொண்டினால் அதை ஒதுக்கத்தான் செய்யும். அதில் பிள்ளையின் தப்பு ஒன்றும் இல்லை.

19 ஜூலை, சனி

பட்டணத்து நூலகம். தமிழுக்கு ஒரே ஓர் அடுக்குதான். ஆனால் நூலகர் அருமையான மனுஷி. எல்லாரும் 'காக்', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறார்கள். மலாய்ப் பக்கங்களை அவரே படித்தார், நீர்நாய்க்குத் தனிக் குரல் வேறு. மலாய்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகும்போது "நம் ஆறு, நம் ஆறு" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

திங்கட்கிழமை கேள்வி கேட்ட பிள்ளையும் பாட்டியோடு வந்திருந்தாள். பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். மலாய் பேசுவார், படிக்கத் தெரியாது. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். பேத்தியின் நோட்டை வாங்கி விரலை வைத்துப் படித்தார்: "சுங்கை... கித்தா."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கித்தா ஆறா? நல்லாத்தான் எழுதியிருக்கு பிள்ள. விடியக்கால பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நின்னு, வெட்டுக்காட்டுக்குப் போயி மரத்துல கத்தி வச்சா, மங்குல சொட்டுச் சொட்டா விழும். திடீர்னு மழை வந்துட்டா அம்புட்டுப் பாலும் ரொம்பித் தரையில ஓடும். வெள்ளையா, ஆறு மாதிரி. அன்னைக்குச் சம்பளம் போச்சு."

"பாட்டி, கித்தான்னா ரப்பர் இல்ல, நாம!" என்றாள் பேத்தி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத் தமிழில் ரப்பர் கித்தா. மலாய் 'கெத்தா'விலிருந்து வந்தது. மலாய் 'நாம்' என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதினாலும் அதே கித்தா. மங்கு? அது 'மங்கோக்', கிண்ணம். செவ்வாய்க்கிழமை அந்தப் பையன் கேட்டதற்குப் பதில் முழுக்கப் பாட்டியின் வாயில் இருந்தது.

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "நாமன்னும் இருக்கட்டும். தோட்டத்தையெல்லாம் துண்டு போட்டு வித்தப்போ, சம்பந்தன் சங்கம் ஆரம்பிச்சாரே, எங்க வூட்டுலயும் பங்கு கட்டினோம். நம்ம தோட்டம்னு ஒன்னு இருக்கட்டும்னு." மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்கிறார். சம்பந்தன் பிறந்த ஊர் இதுதான்.

அப்புறம் பாட்டி புத்தகத்தைப் புரட்டினார். மழையில் நத்தை ஒரு கோப்பைக்குள் ஒதுங்கித் தூங்கும் பக்கத்தில் நின்றார். "இது என்ன, காப்பிக் கோப்பையா? ஆத்தோரத்துல காப்பிக் கோப்பை எப்படி வரும்? மங்குன்னு போடு பிள்ள."

20 ஜூலை, ஞாயிறு

வீடு திரும்பியதும் ஓவியருக்குப் போன் செய்தேன். இரண்டாம் பதிப்பில் அந்தப் பக்கத்தை மாற்றி வரைய வேண்டும். கைப்பிடி வேண்டாம். மரத்தில் கம்பி வளையம், அதில் மங்கு, மங்குக்குள் நத்தை. மரத்தின் வெட்டுக் கோடு சாய்வாக இறங்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் மங்கு, மலாய்ப் பக்கத்தில் மங்கோக். அவர் மங்கு பார்த்ததில்லையாம். கோலாகங்சார் மரத்தடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பாட்டியின் வீட்டில் பழைய மங்கு ஒன்று இருக்கிறதாம், கோழிக்குத் தண்ணீர் வைக்கிறார்கள். அதையும் கேட்டிருக்கிறேன்.