பூசணி எந்தப் பக்கம்?

என் ஜீப்பின் இரண்டு ஆக்சில்களையும் (சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றும் அச்சு) மாற்றும் வேலை போன மாதம்தான் முடிந்தது. ஏழெட்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தது, 14 மாதம் இழுத்துவிட்டது. அதில் பாதியாவது என் அவசரத்துக்கு நான் கட்டிய அபராதம்.

வண்டி 2004 ஜீப் ரேங்க்லர், டிஜே மாடல். அரிசோனாவின் ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரம் போனால் டேபிள் மெசா. அங்கே ஒரு பாறை இடுக்கில் பின் ஆக்சில் ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுற்றும் தண்டு, பட்டென்று முறிந்தது. ஜீப்பைக் குறை சொல்ல மாட்டேன். 30 அங்குலத்துக்கு மேல் போகாத டயருக்குக் கொடுத்த டானா 35 என்ற சின்ன ரக ஆக்சிலில் 37 அங்குல டயரும், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிச் சுற்றும் லாக்கரும் மாட்டி, சக்கரம் சிக்கியிருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தவன் நான்தான். இந்த ரகத்தில் ஷாஃப்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன சி-கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமும் அதோடு சேர்ந்து வெளியே நழுவி வந்துவிடும். வந்தது. அன்றைக்கு வீடு வந்து சேர இரவு இரண்டு மணி.

சரி, இனி ஒரு டன் ரகக் கனமான பிக்கப்பின் ஆக்சில்தான் என்று முடிவு செய்தேன். முன்னால் பெரிய ரகமான டானா 60, பின்னால் அதே தரத்தில் ஃபுல் ஃப்ளோட்டிங். பாரத்தை ஹப் தாங்கும், ஷாஃப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும்.

முதல் சறுக்கல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில், பழைய முன் ஆக்சில் ஒன்று வாங்கப் போனபோது. ஆக்சிலில் கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்கள் இருக்கும் அந்தக் குண்டுப் பகுதியை அமெரிக்கர்கள் பூசணி என்பார்கள். முன் ஆக்சிலில் பூசணி எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துக் கொடுப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். டிஜேயில் அதிலிருந்து முன்னால் போகும் ஷாஃப்ட் டிரைவர் பக்கம், அதாவது இடது பக்கம் வருகிறது. ஃபோர்டு டானா 60-இல் பூசணி அதே பக்கம். பழைய செவர்லே டானா 60-இல் வலது பக்கம். இதெல்லாம் எனக்குத் தெரியும். விற்பவரும் ஃபோனில் "டிரைவர் சைடுதான்" என்றார், அனுப்பிய ஃபோட்டோவிலும் அப்படித்தான் இருந்தது. டிரெய்லரைக் கட்டிக்கொண்டு 420 மைல் ஓட்டினேன். இருட்டியபின் போய்ச் சேர்ந்தேன். டார்ச் வெளிச்சத்தில் பியரிங் ஆட்டம் பார்த்தேன், ஹவுசிங் வளைவு பார்த்தேன், பணத்தைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை வீட்டு வாசலில் இறக்கி நிமிர்த்தி வைத்தபோதுதான் தெரிந்தது, அது தலைகீழாகக் கிடந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு ஃபோட்டோவில் தாராளமாக மறைக்கலாம்.

அதனால் நேரில் பார்க்கும்போது இப்படிப் பாருங்கள். பூசணியின் கவர் மூடி உங்களைப் பார்த்தபடி இருக்க வேண்டும், பட்டை ஸ்பிரிங் உட்காரும் மேடை மேலே இருக்க வேண்டும். அப்போது பூசணி உங்கள் வலது கைப்பக்கம் இருந்தால் அது டிரைவர் சைடு. இரண்டில் ஒன்று மாறியிருந்தாலும் கணக்கு தலைகீழ். விற்பவர் பொய் சொன்னார் என்றும் நினைக்கவில்லை, அவரும் என்னைப்போலவே பார்த்திருக்கிறார். பழைய செவர்லே வைத்திருந்த ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். கைநட்டம் 250 டாலர், பெட்ரோல் தனி.

அந்த ஆக்சிலை நம்பி இன்னொரு காரியமும் செய்திருந்தேன். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று நான்கு வீல் முன்கூட்டியே வாங்கிவிட்டேன். எட்டு போல்ட், அந்த போல்ட் துளைகள் அமைந்திருக்கும் வட்டம் ஆறரை அங்குலம். அப்புறம் காயலான் கடையில் கிடைத்ததோ 2005-க்குப் பிந்தைய ஃபோர்டு சூப்பர் டூட்டி பிக்கப்பின் முன், பின் ஆக்சில் ஜோடி. ஒரே வண்டியிலிருந்து கழற்றியது, இரண்டிலும் ஒரே கியர் ரேஷியோ, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். இதைவிட நல்ல வேட்டை அமையாது. ஆனால் அதிலும் எட்டு போல்ட்தான், வட்டம் 170 மில்லிமீட்டர். ஆறரை அங்குலம் என்பது 165.1. வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது. வீலைத் தூக்கி வைத்தால் இரண்டு ஸ்டட் நுழையும், மூன்றாவது விளிம்பில் இடிக்கும். ஏதோ துரு என்று நினைத்து அரை மணி நேரம் சுரண்டிக்கொண்டிருந்தேன். வாங்கிய இடத்தில், டயர் ஏற்றிய வீலைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக்சில் வாசலில் வந்து இறங்கும் வரை வீல் வாங்காதீர்கள்.

கியர் வேலையைக் கடையில் கொடுத்தேன்; 40 அங்குல டயருக்கு முன்னும் பின்னும் 5.38 ரேஷியோ (பினியன் 5.38 சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெட்டும் வேலைக்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சூப்பர் டூட்டி ஆக்சிலில் ரேடியஸ் ஆர்மை (ஆக்சிலைச் சட்டத்தோடு பிணைக்கும் தண்டு) பிடிக்கும் கொம்பு, டிரைவர் பக்கம் ஹவுசிங்கோடு சேர்த்தே வார்த்தது. கிரைண்டரில் பதினோரு டிஸ்க் தின்றது. அதே வார்ப்பிரும்பின் மேல் புது பிராக்கெட்டை வெல்டு வைப்பது என் கைக்கு மீறிய வேலை. நிதானமாகச் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, போர்வை சுற்றி மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லையென்றால் வெல்டின் ஓரத்தில் முடிபோல விரிசல் ஓடும். அதற்குத் தெரிந்தவரைக் கூப்பிட்டேன், அந்தக் காசில் வருத்தமே இல்லை.

நானே சொந்தமாகச் செய்த தப்பு கேஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு. பினியனை டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து அழகாக நிமிர்த்திவிட்டு, கேஸ்டரை அளந்தால் ஒரு டிகிரிதான் இருக்கிறது. இரண்டும் ஒரே இரும்பில் பிறந்தவை, ஒன்றைத் தூக்கினால் மற்றது இறங்கும். அப்படியே ஓட்டியிருந்தால் நெடுஞ்சாலையில் வண்டி தண்ணி போட்டவன்போல அலைந்திருக்கும். நல்லவேளை, தற்காலிகமாகப் பொட்டு வைக்கும் டேக் வெல்டோடு நிறுத்தியிருந்தேன். உடைத்து, ஐந்து டிகிரிக்குத் திருப்பி வைத்தேன். பினியன் கொஞ்சம் தாழ்ந்தது, பரவாயில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி ஆக்சிலை மேலே முட்டும் வரை தூக்கியும் பாருங்கள். என் வண்டியில் பூசணி ஆயில் பேனைத் தொட ஒரு விரல் இடம்தான் மிச்சம். ஆக்சில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பை இரண்டு அங்குலம் நீட்டினேன்.

பிரேக்தான் கடைசி வில்லன். பெடலை மிதித்தால் நேராகத் தரைக்குப் போகிறது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; அந்த அழுத்தத்தில் பேடை டிஸ்க்கில் அமுக்குவது கேலிப்பர். ஜீப்பின் சிலிண்டருக்கு அந்தப் பெரிய கேலிப்பரை நிரப்பத் திராணி இல்லை என்று டாட்ஜ் பிக்கப்பின் சிலிண்டரை மாற்றினேன். அப்போதும் பஞ்சுபோலத்தான். மூன்று சனிக்கிழமை பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுத்தோம். மனைவி பெடலை மிதிக்க, நான் கீழே படுத்து நிப்பிளைத் திறக்க, ஐந்து டப்பா பிரேக் ஆயில் போனது. நான்காவது சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பையன், 16 வயது, குனிந்து பார்த்துவிட்டு, "இந்த நிப்பிள் ஏன் கீழே இருக்கு?" என்றான். முன் கேலிப்பர் இரண்டையும் இடம், வலம் மாற்றி மாட்டியிருக்கிறேன். நிப்பிள் அடியில் இருந்தால் மேலே நிற்கும் காற்று எங்கே வெளியேறும்? மாற்றி மாட்டினேன், இருபது நிமிடத்தில் பெடல் கல் மாதிரி நின்றது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டாள்.

உதிரி பாகக் கடை கவுன்டர் தனிக் கொடுமை. "என்ன வண்டி, எந்த வருஷம்?" என்பார். ஜீப் என்றால் ஒரு பிரேக் பேடைக் கொண்டுவந்து வைப்பார். ஆக்சில் ஃபோர்டுடையது என்றால் "உங்கள் வண்டி ஜீப்பா, ஃபோர்டா?" என்று மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. கம்ப்யூட்டரில் இல்லாத வண்டி அவருக்கு உலகத்திலேயே இல்லை. இப்போது கவுன்டரில் ஜீப் என்ற பேச்சையே எடுப்பதில்லை. பேட் வேண்டுமென்றால் நான் 2006 சூப்பர் டூட்டிக்காரன், மாஸ்டர் சிலிண்டர் என்றால் டாட்ஜ்காரன். எந்த பாகம் எந்த வண்டியுடையது என்று ஒரு தாளில் எழுதி பானட்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். நடு ரோட்டில் நின்றால் அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

போன ஞாயிறு அதே டேபிள் மெசா, அதே இடுக்கு. வண்டி சுமார் எட்டு அங்குலம் அகலம் கூடியிருப்பதால் பழைய தடத்தில் நுழையவில்லை. இடது பக்கப் பாறை மேலேயே ஏற்றினேன். முதல் கியர், லோ ரேஞ்ச், மூன்று முறை டயர் வழுக்கியது, நான்காவதில் பிடித்து ஏறிவிட்டது. ஒரு சத்தம் இல்லை.

அந்த நான்கு வீல்களும் டயரோடு இன்னும் கேரேஜில்தான் கிடக்கின்றன. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கறிவேப்பிலைத் தொட்டியை வைத்திருக்கிறாள் மனைவி.