கணினி காட்டிய டோஸும் உடலுக்குள் அளந்த டோஸும்

மருத்துவ இயற்பியலாளராகப் பணியில் சேர்ந்த தொடக்கக் காலத்திலேயே, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பிராக்கிதெரபியில் (கதிர்வீசும் பொருளை உடலுக்குள் வைத்துச் செய்யும் சிகிச்சையில்) மலக்குடல் வாங்கும் டோஸை, அதாவது கதிர்வீச்சின் அளவை, உடலுக்குள்ளேயே அளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இந்தச் சிகிச்சையில் இரிடியம்-192 என்ற கதிர்வீசும் சோர்ஸ், கருப்பைக்குள்ளும் அதன் வாயருகிலும் பொருத்திய டாண்டம், ஓவாய்டு குழாய்கள் வழியே சென்று சில நிமிடங்கள் நின்று திரும்புகிறது. ஓர் அமர்வுக்கு 7 கிரே (கிரே என்பது டோஸின் அலகு) கொடுப்பது பரவலான வழக்கம். மலக்குடல் வெகு அருகில் இருப்பதால், அங்கே டோஸ் மிகுந்தால் மாதக்கணக்கில் கழித்து இரத்தப்போக்கும் புண்ணும் வரக்கூடும்.

அளவீட்டுக்கு நாங்கள் பயன்படுத்தியது, கதிர்வீச்சை உணரும் ஐந்து டயோடுகள் 15 மி.மீ. இடைவெளியில் வரிசையாக அமைந்த, வளையக்கூடிய மெல்லிய குழல். இரிடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 74 நாட்கள் என்பதால் அதன் வலிமை தினமும் சுமார் ஒரு விழுக்காடு குறைகிறது. அன்றைய வலிமைக்குத் திருத்திய மதிப்பைக் கொண்டுதான் ஒவ்வொரு டயோடையும் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். டயோடின் உணர்திறன் வெப்பநிலையோடு மாறும். ஏ.சி. அறையில் செய்த அளவுதிருத்தத்தை 37 பாகை வெப்பமுள்ள உடலுக்குள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, அதற்கும் ஒரு திருத்தக் காரணி தேவை.

இவற்றையெல்லாம் முடித்த பிறகும், அளந்ததற்கும் சிகிச்சையைத் திட்டமிடும் கணினி காட்டியதற்கும் இடையே வித்தியாசம் நின்றது. நான் டயோடைவிட இடத்தைத்தான் ஐயுற்றேன். சோர்ஸிலிருந்து 20 மி.மீ. தொலைவில் இருப்பதாக நாம் எண்ணும் டயோடு உண்மையில் 25 மி.மீ. தொலைவில் இருந்தால், எதிர்விகித இருபடி விதிப்படி அது காட்டும் டோஸ் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். எக்ஸ்ரே படம் எடுத்தபின் நோயாளியை ட்ராலிக்கு மாற்றுவது, மடக்கிய காலை நீட்டுவது போன்ற சிறு அசைவுகளே இதற்குப் போதும். ஆகவே குழலைச் செருகி, காஸ் துணியைத் திணித்து முடித்த பின்னரே, சிகிச்சையின்போது கால் இருக்கப்போகும் அதே நிலையில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டேன். படத்தில் தெரிந்த டயோடுகளின் இடத்துக்கே டோஸைக் கணக்கிட்டு ஒப்பிட்டபோது வித்தியாசம் கணிசமாகக் குறைந்தது.

நோயாளிகளுக்கு இந்தக் குழல் கூடுதல் சங்கடம் என்பதை நான் ஒருபோதும் சிறிதாக எண்ணியதில்லை. "அம்மா, இது அளக்கிற குழாய் மட்டுந்தான், இதிலேர்ந்து கதிர் எதுவும் வராது" என்று முன்கூட்டியே சொன்னால் பலருக்கு இறுக்கம் தளர்கிறது. மயக்கம் கொடுக்கும் முன்பே, அவர்கள் கேள்வி கேட்கும் நிலையில் இருக்கும்போது, அதைச் சொல்வது நல்லது.

இன்று சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களின் மேல் 2 க.செ.மீ. திசு வாங்கும் டோஸைக் கணக்கிடுகிறோம். ஐந்து புள்ளிகளின் அளவீடு அதற்கு ஈடாகாது. ஆனால் அந்தக் கணக்கு படம் எடுத்த நேரத்து உடலுக்குரியது. ஒரு குழாய் இயந்திரத்தின் தவறான சேனலில் (இணைப்புத் துளையில்) இணைக்கப்பட்டிருந்தால் அதை உடலுக்குள் இருக்கும் உணரிதான் காட்டிக்கொடுக்கும். அதனால் எந்த அளவைத் தாண்டினால் சிகிச்சையை இடையில் நிறுத்தி சோர்ஸைத் திரும்ப இழுப்பது என்பதை, இயந்திரத்தை இயக்கும் முன்பே மருத்துவரும் நானும் முடிவுசெய்து கோப்பில் எழுதிவிடுகிறோம்.