நூற்றில் முப்பது கெட்ட சீட்டு

டோக்கியோவில் அசகுசா கன்னோன் கோயில் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. சென்சோஜி என்பது முறையான பெயர். நாம் அவலோகிதேஸ்வரர் என்று கேள்விப்பட்டிருக்கும் போதிசத்துவர்தான் அங்கே கன்னோன். 628-இல் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த அண்ணன் தம்பி இருவரின் வலையில் சிலை சிக்கியது என்கிறது தல வரலாறு. அந்த மூல மூர்த்தியை யாருக்கும் காட்டுவதே இல்லை. 1945 குண்டுவீச்சில் எரிந்துபோன பிரதான மண்டபத்தை 1958-இல் மறுபடி கட்டினார்கள்.

மண்டபத்துக்கு முன்னால் பெரிய ஊதுவத்திக் கொப்பரை. வலி இருக்கும் இடத்தில் புகையைக் கையால் தள்ளிக்கொள்கிறார்கள். நானும் முழங்காலுக்குக் கொஞ்சம் தள்ளிவிட்டேன்.

அப்புறம் ஓமிகுஜி, அதாவது குறிச்சீட்டு. 100 யென்னை நாமே உண்டியலில் போட வேண்டும். கேட்க ஆள் இல்லை. அறுகோணத் தகர டப்பாவைக் குலுக்கிக் கவிழ்த்தால் சின்னத் துளை வழியாக ஒரு குச்சி எட்டிப் பார்க்கும். அதில் உள்ள எண்ணுக்குரிய இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மொத்தம் 100 எண்கள், அவற்றில் 30 'கியோ', கெட்ட குறி. பக்தர் மனம் கோணக் கூடாது என்று குறைத்துவிடவில்லை.

எங்களுடன் வந்த அக்காவுக்குக் கியோதான் வந்தது. நினைத்தது நடக்காது, நோய் இழுக்கும், தொலைந்த பொருள் கிடைக்காது, காத்திருக்கும் ஆள் வரமாட்டார். தாளில் ஆங்கிலமும் இருந்ததால் தப்பிக்க வழியில்லை. அக்காவின் முகம் வாடியதைப் பார்த்த ஜப்பானியப் பாட்டி ஒருவர், சிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்த கம்பிச் சட்டத்தைக் காட்டினார். தாளை நீளவாக்கில் மடித்து, கிழியாமல் அதில் முடிச்சுப் போட வேண்டும். கெட்டது கோயிலோடு போயிற்று, அவ்வளவுதான். பரிகாரம் என்று தனிச் செலவு எதுவும் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது இதுதான்.

தாயத்துக்கு ஓமமோரி என்று பெயர். ஜரிகைத் துணியில் தைத்த சின்னப் பை. பரீட்சைக்கு, பிரசவத்துக்கு, வாகனத்துக்கு எனத் தனித்தனியாக உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கூடாது. ஒரு வருடம் ஆனதும் கோயிலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவது வழக்கம். பழையதை முறைப்படி எரித்துவிடுவார்கள். சக்திக்குக் காலக்கெடு வைத்தது யாருடைய யோசனையோ, கெட்டிக்காரர்தான்!

அக்கா பயணத்துக்கு ஒன்று வாங்கிக் கைப்பையில் கட்டிக்கொண்டார். "இன்னொரு சீட்டு எடுத்துப் பார்க்கட்டுமா?" என்று வேறு கேட்டார். எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் டப்பாவுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடமே வரிசையில் நின்றுகொண்டிருந்தது.