இருட்டில் வைத்த தட்டு

கிண்டிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் மூன்று வருஷம் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்தேன். தோல் புற்றுநோய்க்கான மருந்தை நானோ துகளுக்குள் அடைத்து, ஒளி பட்டால் மட்டும் வேலை செய்ய வைப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. இதை அம்மாவிடம் சொன்னபோது, "கார்போகரிசி மாதிரியா?" என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான். வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வார்கள். அதிலிருக்கும் சோராலென் வெயில் பட்டால்தான் விழிக்கும்.

எங்கள் மருந்து புரோட்டோபோர்பிரின். ஒளி பட்டதும் அது பக்கத்திலுள்ள ஆக்சிஜனை உசுப்பிவிடும். அந்த ஆக்சிஜன் செல்லை உள்ளிருந்தே சிதைத்துவிடும். 1900-ல் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் விட்ட பாரமீசியங்கள் என்ற ஒருசெல் உயிர்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் சாவதைக் கண்டார். மூன்றே வருஷத்தில் அங்கே தோல் கட்டிகளில் இயோசின் என்ற சாயத்தைப் பூசி ஒளி காட்டிப் பார்த்தார்கள்.

சரி, நானோ துகள் எதற்கு? புரோட்டோபோர்பிரின் தண்ணீரில் கரையாமல் திரள்திரளாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டால் ஒளி பட்டும் பெரிய பயனில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்ட காரணம் வேறு. இந்த வகையில் போட்டோஃப்ரின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றினால் உடம்பெங்கும் தோலில் தங்கிவிடும். குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது. மே மாதச் சென்னையில் ஆட்டோ ஓட்டுபவரிடம், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அம்மாவிடம் போய் இதை எப்படிச் சொல்வது? மருந்து கட்டியிலேயே தங்க வேண்டும், மற்ற இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது. துகளிடம் நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

செல்களைத் தட்டுகளில் வளர்த்து, துகளைச் சேர்த்துத்தான் சோதிப்போம். அதனால் எங்கள் சோதனையில் முக்கியமான தட்டு, ஒளியே காட்டாத தட்டு. அதில் செல்கள் பிழைத்திருக்க வேண்டும். ஒரு கோடையில் அந்தத் தட்டிலும் செல்கள் செத்தன. துகளே விஷம் என்று நினைத்து மூன்று வாரம் கழுவிக் கழுவிப் பார்த்தேன். தூக்கமில்லை. கடைசியில் சீனியர் அக்கா பக்கத்தில் வந்து நின்று நான் செய்வதைப் பார்த்தார்.

"மீடியம் மாத்தும்போது ஹூட்ல லைட் போட்டிருக்கியாம்மா?"

மீடியம் என்பது செல்கள் வளரும் ஊட்டத் திரவம்; அதை மாற்றும் கண்ணாடிக் கூண்டுதான் ஹூட். போட்டிருந்தேன். தட்டை அலுமினியத் தாளில் சுற்றி வைத்தவள், அதைப் பிரித்து டியூப்லைட்டின் கீழேயே பத்து நிமிஷம் வேலை பார்த்திருக்கிறேன். சிவப்பு விளக்கு மட்டும்தான் இதை எழுப்பும் என்று நம்பியிருந்தேன். உண்மையில் 405 நானோமீட்டர் ஊதாவை இது இன்னும் ஆவலாக விழுங்கும். டியூப்லைட்டில் அது இருக்கிறது.

சிவப்பை நாங்கள் தேர்ந்தது தோலுக்குள் சில மில்லிமீட்டராவது இறங்கும் என்பதற்காகத்தான். மெலனோமா என்ற நிறமி செல் புற்றுநோய் என்றால் அதுவும் சிரமம். கட்டியின் கறுப்பு நிறமியே ஒளியைக் குடித்துவிடும். அந்தச் சிக்கலை எங்கள் துகள் தீர்க்கவில்லை.

அப்புறம் விளக்கையெல்லாம் அணைத்து, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி மறுபடி செய்தேன். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒளி காட்டிய தட்டில் செல்கள் செத்து உருண்டு மிதந்தன. இருட்டுத் தட்டில் எல்லாம் உயிரோடு கால் பரப்பித் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.