மீட்டர் குறைச்ச செகண்ட் ஹேண்ட் காரும் நுகர்வோர் ஆணையத்துல நான் அலைஞ்ச ஒன்பது மாசமும்

வாங்கி பதினோராவது நாள் கியர்பாக்ஸ்ல இருந்து சத்தம் வர ஆரம்பிச்சது. டீலருக்கு போன் போட்டா "கொண்டு வாங்க சார் பாத்துக்கலாம்"னாரு, நேர்ல போனதும் நீங்க ஓட்டுன விதம் சரியில்ல அதான் போயிருக்குன்னு கையை விரிச்சுட்டாரு. தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட விட்டு சரி பண்ணிடலாம்னு கிளம்பிட்டேன். நல்லவேளை, நண்பனோட அண்ணன் வக்கீல், அவர் தடுத்தாரு. "வண்டியில யாரும் கை வைக்கக்கூடாது, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல விட்டு என்ன கோளாறுன்னு எழுத்துல வாங்கு"ன்னாரு. பிரிச்சு சரி பண்ணியிருந்தா காட்டுறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது.

சர்வீஸ் சென்டர்ல ஆர்.சி.ய காட்டி பழைய சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டேன். அங்க தான் தூக்கிவாரிப் போட்டுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடியே வண்டி 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, நான் வாங்கும்போது மீட்டர்ல 64,000. அதை சீல் போட்டு வாங்கிக்கிட்டேன். விளம்பரத்துல போட்டிருந்த கிலோமீட்டரோட ஸ்கிரீன்ஷாட்டும், வாட்ஸ்அப்ல "மீட்டர் ஜெனியூன் சார்"னு அவர் அனுப்பின மெசேஜும் போன்ல அப்படியே இருந்துச்சு. கேஸை தாங்குனது இந்த மூணும் தான். வாட்ஸ்அப் மெசேஜை பிரிண்ட் எடுத்து குடுத்தா மட்டும் போதாது, 2023 சாட்சிய சட்டத்துல பிரிவு 63 சான்றிதழ் ஒண்ணு (போன், கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த ஆதாரத்துக்கு உறுதி சொல்றது) கூடவே வைக்கணும், அதை வக்கீல் ரெடி பண்ணாரு.

எங்க போறதுன்னு தான் அடுத்த குழப்பம். போலீஸ்ல மோசடின்னு புகார் குடுக்கலாம், இப்ப அது பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல பிரிவு 318, ஆனா அது தண்டனைக்கான வழி, பணம் கையில வர்றதுக்கு அதை நம்பி உக்கார முடியாது. டீலர் இல்லாம தனி ஆள்கிட்ட, அவர் சொந்தமா ஓட்டுன வண்டிய வாங்கியிருந்தா பொதுவா சிவில் கோர்ட் தான், ஏன்னா நுகர்வோர் சட்டத்துக்கு எதிர்ல வியாபாரியோ சர்வீஸ் தர்றவரோ இருக்கணும். எனக்கு டீலர்ங்கறதால மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். குடுத்த பணம் 50 லட்சம் வரைக்கும் மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது. 2019 சட்டம் வந்தப்புறம் நாம குடியிருக்குற ஊர்லயே போடலாம். டீலர் வேற ஊர், இது மட்டும் இல்லன்னா நான் பாதியில விட்டிருப்பேன். ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்ங்கறதையும் மறந்துடாதீங்க.

முதல்ல 15 நாள் டைம் குடுத்து வக்கீல் நோட்டீஸ், ஸ்பீட் போஸ்ட்ல. பதில் வந்துச்சு, டெலிவரி அன்னைக்கு நான் போட்ட கையெழுத்தோட காப்பியை சேர்த்து! "வண்டி உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்"னு ஒரு வரி, சாவி வாங்குற சந்தோஷத்துல படிக்காமலே போட்டது. ரெண்டு நாள் சோறு இறங்கல. வக்கீல் தான் சொன்னாரு, பாத்தா தெரியுற கீறல் டயர் தேய்மானம் இதுக்கெல்லாம் அந்த வரி அவங்களுக்கு உதவும், ஆனா மீட்டரை குறைச்சு பொய் சொல்லி வித்ததை அதை வச்சு மூடி மறைக்க முடியாதுன்னு. அதனால புகார்ல கியர்பாக்ஸை பின்னாடி தள்ளிட்டு கிலோமீட்டர் பொய்யை முதல்ல வச்சோம், பழைய வண்டியில கியர்பாக்ஸ் போறது சகஜம்னு அவங்க வாதாடலாம், 48,000 கிலோமீட்டர் எங்க போச்சுன்னு கேட்டா பதில் சொல்ல முடியாதுல்ல.

புகார் ஏத்துக்கிட்டு நோட்டீஸ் போனா எதிர்தரப்பு 30 நாள்ல பதில் போடணும், மிஞ்சி மிஞ்சி இன்னும் 15 நாள். சட்டப்படி மூணு மாசத்துல முடிக்கப் பாக்கணும், லேப் டெஸ்ட் தேவைப்பட்டா அஞ்சு. எனக்கு ஒன்பது மாசம் ஆச்சு. அதுவரைக்கும் வண்டிய எடுக்கவே இல்ல, மாசா மாசம் மீட்டரை தேதியோட போட்டோ எடுத்து வச்சேன், ஓட்டி அனுபவிச்சுட்டு காசு கேக்குறான்னு நாளைக்கு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு.

ஆணையம் சமரசத்துக்கு அனுப்புச்சு. ரெண்டாவது தடவை பேச உக்காந்தப்பவே டீலர் இறங்கி வந்துட்டாரு, வண்டிய திரும்ப எடுத்துக்கிட்டு முழு விலையும் சர்வீஸ் சென்டர் செலவும் தர்றதா எழுதிக் குடுத்தாரு. மன உளைச்சலுக்குன்னு கேட்டது கிடைக்கல, வக்கீல் செலவு என்னோடது தான். மனசுக்கு வருத்தம் தான், ஆனா அப்பீல்னு இழுத்தா இன்னும் எத்தனை வருஷமோன்னு ஒத்துக்கிட்டேன்.

பணம் அக்கவுண்டுக்கு வந்தும் வண்டிய உடனே விடல. ஆர்.சி. என் பேர்ல இருக்குற வரைக்கும் எவனாவது ஓட்டி இடிச்சா நஷ்டஈடு என் தலையில தான் விழும், 2018-ல சுப்ரீம் கோர்ட்டே பதிவான ஓனர் தான் பொறுப்புன்னு சொல்லியிருக்கு. ஓனர் பேர் மாத்துறதுக்கான படிவம் 29, 30 ரெண்டும் என் கண்ணு முன்னாடி கையெழுத்தாகி ஆர்.டி.ஓ.வுல பேர் மாறுற வரைக்கும் ரெண்டு சாவியையும் நான் தான் வச்சிருந்தேன்.