மண்டபம் கடற்கரையில் ஓர் இலகு பிளைவீல்: சிட்டி விடெக் காரில் செய்து பார்த்தது

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான வட்டுதான் பிளைவீல். அதற்குப் பதில் இலகுவான ஒன்றை மாட்டினால் எஞ்சினின் சக்தி கூடும் என்று நம்பி யாரும் பணம் செலவழிக்க வேண்டாம். ஒரு குதிரைத்திறன்கூட அதிகமாகாது. மாறுவது வேறொன்று. ஆக்சிலரேட்டரை மிதிக்கும் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்த மந்தம் போய்விடுகிறது. அந்த ஒன்றுக்காகத்தான் என் பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் காரின் கியர்பாக்ஸை இறக்கினேன். அது போதுமான காரணம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இந்தியாவில் 1998 முதல் 2003 வரை விற்ற முதல் தலைமுறை சிட்டி இது. பார்க்கச் சாதாரணக் குடும்பக் கார். உள்ளே இருப்பது 106 குதிரைத்திறன் விடெக் எஞ்சின்; வேகத்துக்கு ஏற்ப வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றிக்கொள்வது. எஞ்சின் சுற்றுகளைக் காட்டும் முள் மேலே ஏற ஏற உற்சாகம் கூடும் எஞ்சின் அது. ஆனால் கியர் மாற்றக் காலை எடுத்தால் முள் இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். வேகம் குறைத்துக் கீழ் கியருக்கு வரும்போது ஒரு மிதி கொடுத்தால், எஞ்சின் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எழும். எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் பின்புறம் சுழலும் அந்தக் கனமான பிளைவீல்தான் இதற்கு முக்கியக் காரணம்.

கழற்றிய பிளைவீலை மீன் எடை போடும் டிஜிட்டல் தராசில் வைத்தேன். ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. புதியது நான்கு கிலோவுக்கும் சற்றுக் கீழே. ஆயிரம் கிலோவை ஒட்டிய காரில் மூன்று கிலோ என்ன செய்துவிடும் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்காகக் கணக்குப் போட்டே வைத்திருக்கிறேன்.

சுழலும் பொருளில் எடை எவ்வளவு என்பதைவிட, அது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது முக்கியம். அந்தத் தூரத்தின் இருமடிதான் கணக்கில் வருகிறது. மூன்று கிலோவும் சராசரியாக 10 செ.மீ. ஆரத்தில் குறைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவான நிலைமத் திருப்புத்திறன் 0.03 கி.கி. சதுர மீட்டர் குறைகிறது. இதைக் கியர் விகிதத்தின் இருமடியால் பெருக்கி, டயர் ஆரத்தின் இருமடியால் வகுத்தால், கார் எத்தனை கிலோ குறைந்ததுபோல் நடந்துகொள்ளும் என்பது கிடைக்கும். டயர் ஆரம் 28 செ.மீ., முதல் கியரில் டிஃபரன்ஷியலும் சேர்ந்த மொத்த விகிதம் 13.5 என்றால் விடை சுமார் 70 கிலோ. பக்கத்து இருக்கையில் இருந்தவரை இறக்கிவிட்ட மாதிரி. இரண்டாம் கியரில் விகிதம் 8 என்றால் 24 கிலோ. ஐந்தாம் கியரில் 3.2 என்று வைத்தால் வெறும் 4 கிலோ. ஆக, நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் போகிறவருக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. தாழ்ந்த கியர்களை ரசித்து ஓட்டுகிறவருக்குத்தான் இது.

பழைய பிளைவீலையே லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து எடை குறைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். செலவும் குறைவு. நான் அதற்கு உடன்படவில்லை, யாருக்கும் அதைச் சொல்லவும் மாட்டேன். பழைய வட்டு வார்ப்பிரும்பு. அது அமுக்கத்தைத் தாங்கும். இழுவிசையைத் தாங்குவதில் பலவீனமானது. சுழலும் வட்டின் விளிம்பில் உண்டாகும் இழுவிசை வேகத்தின் இருமடியில் ஏறுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இருப்பதைப்போல் 6,000 சுற்றில் நான்கு மடங்கு. எங்கே எவ்வளவு உலோகம் மிச்சம் இருக்க வேண்டும் என்று தெரியாமல் கடைந்த வட்டு உடைந்தால், துண்டுகள் பறக்கும் தளத்துக்கு மிக அருகில் இருப்பவை ஓட்டுபவரின் கால்கள். அலுமினிய பிளைவீல் இன்னும் இலகுவானது. கிளட்ச் உரசும் பரப்புக்கு மட்டும் எஃகுத் தகடு பொருத்தியிருப்பார்கள். தினசரி ஓட்டும் காருக்கு ஒரே துண்டாக, குரோமியம் மாலிப்டினம் கலந்த எஃகில் செய்த வட்டே போதும் என்று முடிவு செய்தேன்.

வேலை நடந்தது இராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் கடலோர ஊரான மண்டபத்தில், படகு எஞ்சின் பார்க்கும் ஓர் அண்ணனின் கொட்டகையில். அவருக்கு முதலில் இந்த யோசனையே பிடிக்கவில்லை. "தம்பி, பிளைவீல் கனமாக இருந்தால்தானே எஞ்சின் நிற்காமல் ஓடும்? நீங்கள் கனத்தை எடுக்கிறேன் என்கிறீர்களே" என்றார். அவர் சொன்னது அவருடைய எஞ்சினுக்கு முழு உண்மை. வள்ளங்களில் இருக்கும் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிதல் நடக்கிறது. மீதி மூன்று அடிப்புகளையும் அந்தப் பெரிய சக்கரத்தில் சேர்ந்த ஆற்றல்தான் கடத்திவிடுகிறது. நான்கு சிலிண்டரில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஓர் எரிதல் உண்டு; கடக்க வேண்டிய இடைவெளி சிறியது. இதைச் சொன்னதும் அவர் புதிய வட்டைக் கையில் வாங்கி, விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் சரி, பல் பொருந்துகிறதா பார்ப்போம்" என்று பழையதன் மேல் வைத்து விளிம்பைச் சுற்றியிருக்கும் ரிங் கியர் பற்களை எண்ண ஆரம்பித்தார். பற்களும் விட்டமும் ஒத்துப்போனால்தான் ஸ்டார்ட்டர் ஒழுங்காகக் கவ்வும். ஒத்துப்போயின.

இந்தக் கரையில் இந்த வேலையைச் செய்பவர் கவனிக்க வேண்டியது துரு. மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் பருவத்தில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. புதிய வட்டு எண்ணெய் பூசி வந்திருந்தது. அதை மாட்டும் நேரம்வரை துடைக்கக் கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். எவ்வளவு சீக்கிரம் துரு பிடிக்கும் என்று பார்க்க, பழைய வட்டின் முகத்தைத் தின்னரால் துடைத்துக் கொட்டகை வாசலில் இரவு வைத்தோம். காலையில் அது முழுக்க ஆரஞ்சு நிறம். அதனால் வரிசையை மாற்றிக்கொண்டோம். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், போல்ட்டுகள், மையம் பிடிக்கும் கருவி எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, புதிய வட்டைக் கடைசியாகத் துடைத்து உடனே மூடினோம். உரசாத பின்பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் அப்படியே இருக்கிறது. கிளட்ச் பக்கம் வழிந்து வராத அளவு மட்டும்.

கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றாமல் விடுவது வீண். அவற்றுக்காக மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டி வரும். பிளைவீல் போல்ட்டுகள் புதியவை. குறுக்கு வரிசையில், படிப்படியாக இறுக்கி, முடிவில் 118 நியூட்டன் மீட்டர் முறுக்கு. பிரஷர் பிளேட் போல்ட்டுகளுக்கு 25. அண்ணனின் கை எந்த ரெஞ்சையும்விட நுட்பமானது, ஆனாலும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று விடும்வரை அவரும் காத்திருந்தார்.

முதல் 500 கிலோமீட்டர் கிளட்ச் பழகுவதற்காக மெதுவாகவே ஓட்டினேன். பிறகு ஒரு விடியற்காலையில், தனுஷ்கோடிப் பக்கம், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைச் சாலை. அங்கே மணல் சாலையில் ஏறிக் கிடக்கும், வேகத்துக்கான இடமில்லை. நான் போனது இரண்டு, மூன்று கியர்களில் ஏறி இறங்கிப் பார்க்க. மணல் திட்டு தெரிந்ததும் பிரேக்கோடு சேர்த்து ஆக்சிலரேட்டரில் குதிகாலால் ஒரு தட்டு. முள் துள்ளி எழுந்தது, கீழ் கியர் முட்டல் இல்லாமல் விழுந்தது. இதற்காகத்தான் இவ்வளவும். மேலே மாற்றும்போது கையும் முன்னைவிட வேகமாக இருக்க வேண்டும். முள் சட்டென்று விழுந்துவிடுகிறது. பழைய நிதானத்தில் மாற்றினால் கார் குலுங்குகிறது.

இழந்தவையும் உண்டு. நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து சன்னமான கடகட சத்தம் கேட்கிறது; கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். ஏசி கம்ப்ரஸர் சேரும் நொடியில் ஐடிலிங் ஒரு முறை குழிந்து எழுகிறது. பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில், ரயில் பாலத்தைப் பார்க்க நிறுத்திய வண்டிகளுக்குப் பின்னால் நின்று நின்று ஏறும்போது, கூடுதலாக ஒரு மிதி கொடுக்காவிட்டால் எஞ்சின் அணைந்துவிடும். உச்சிப்புளி, இராமநாதபுரம் பக்கம் எல்லாம் சமதளம் என்பதால் எனக்கு இது பொறுக்கக்கூடியதே. கொடைக்கானலில் வசிப்பவர் என்றால் நன்றாக யோசித்துச் செய்யுங்கள். வீட்டில் ஒரே கார், அதை எல்லோரும் ஓட்டுகிறார்கள் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

உப்புக் காற்றில் நீண்ட நாள் நிறுத்திவைத்தால் கிளட்ச் பிளேட் வட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓட்டாத வாரங்களிலும் காரை எடுத்துத் தெருக்கோடிவரை போய் வருகிறேன். வாடைக்காற்று தொடங்கியதும் ஸ்டார்ட்டரைக் கழற்றி, அந்த வாய் வழியாக ரிங் கியர் பற்களில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணன் டார்ச்சோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.